பூ கேட்ட கதையும் சீட்டு எடுத்த கதையும்

(பெரம்பூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் பேசியது)



கிராமங்களிலிருந்து விடிகாலையிலேயே பஸ் பிடித்து, ரயில் பிடித்து வந்திருக்கிறீர்கள். சிலர் கைக்குழந்தையோடு வந்திருக்கிறீர்கள். குழுத் தொழிலில் முடிவெடுப்பது பற்றி எங்களைப் பேசச் சொன்னார்கள். அதில் நாங்கள் ஒன்றும் கெட்டிக்காரர்கள் இல்லை. ஆனால் 63,000 ரூபாய் தண்டம் கட்டித் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதைச் சும்மா உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தோம்.

எங்கள் குழுவில் 15 பேர். பத்துப் பேர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். மூன்று பேர் லூர்து மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். இரண்டு பேர் ஐந்து வேளை தொழுகிறவர்கள். சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கடை பிடிக்க அட்வான்ஸ், பெரிய கிரைண்டர் இரண்டு, ஒரு ஃபிரிட்ஜ். எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய் கடன் எடுக்க வேண்டும்.

மூன்று பேர் ரொம்ப ஆசையாக இருந்தார்கள். நாலைந்து பேருக்குப் பயம். மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. இரண்டு கூட்டம் பேசியும் முடிவு வரவில்லை. பேச்சு சண்டையாகிற மாதிரி இருந்தது. அப்போது ஊக்குநர் அக்கா, "எதுக்கு வம்பு? அம்மன்கிட்ட பூ கேட்டுடலாம்" என்றார். எல்லாருக்கும் நிம்மதியாகப் போய்விட்டது.

உங்கள் ஊரிலும் இந்தப் பழக்கம் இருக்கும். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியாகப் பொட்டலம் கட்டி சந்நிதியில் வைத்து, ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வது. பொண்ணு பார்க்கப் போகும்முன், வீடு கட்டும்முன் கேட்போம் இல்லையா, அதேதான். வெள்ளை வந்தால் கடன் எடுப்பது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது என்று வைத்தோம். வெள்ளை வந்தது. கற்பூரம் ஏற்றினோம். மறுநாளே வங்கிக்குப் போனோம்.

அந்தக் கடையில் போர் தண்ணீர்தான். உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் அரைத்த மாவு ருசி கெட்டது, நிறமும் மங்கியது. கேன் தண்ணீர் வாங்கி அரைத்தால் பாக்கெட்டுக்கு நின்ற லாபம் தண்ணீருக்கே போனது. சித்திரை வெயிலில் காலையில் போட்ட மாவு சாயங்காலத்துக்குள் புளித்துப் பாக்கெட் உப்பிக்கொண்டது. கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது மாதத்தில் ஷட்டரை இறக்கினோம். சாமான்களை விற்று, அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக் கணக்கு முடித்தபோது 63,000 ரூபாய் குறைந்தது. 15 பேரும் மாதம் 350 ரூபாய் வீதம் 12 மாதம் கட்டினோம். ஒரு அக்கா அந்த 350-க்காகக் காதில் கிடந்த கம்மலை அடகு வைத்தார். அது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இதில் எங்களைச் சுட்டது பணம் மட்டும் இல்லை. எங்களில் ஒருவர் எட்டு வருஷம் ஒரு மாவுக் கடையில் வேலை பார்த்தவர். போர் தண்ணீர் ஆகாது என்று அவருக்கு முதல் நாளே தெரியும். "ஏம்மா, அப்பவே சொல்லக் கூடாதா?" என்று கேட்டோம். "அம்மனே சொன்ன பிறகு நான் என்னத்தைச் சொல்ல? சொன்னா அபசகுனம்னு என்னைத்தானே திட்டுவீங்க" என்றார். தொழுகிற சகோதரி இன்னொன்று சொன்னார். "உங்க சாமிகிட்ட கேட்டீங்க. எங்க அஞ்சு பேரை ஒரு வார்த்தை கேட்டீங்களா? கடன் பத்திரத்துல எங்க கையெழுத்தும்தானே இருக்கு?" பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

சாமி மேல் குறை சொல்ல வரவில்லை, சகோதரிகளே. தண்ணீரைப் பார்க்கச் சொன்னால் பார்த்திருப்போம். கடை வைத்திருக்கிறவர்களிடம் விசாரித்திருப்போம். அந்த வேலையைச் செய்யாமல் தப்பிக்கத்தான் பூ கேட்டோம். கேட்ட விதம் தப்பு.

அதற்குப் பிறகு சில மாதம் எங்கள் கூட்டத்தில் வேறு பேச்சே இல்லை. அவரவர் மதத்தில் ஒரு முடிவு எடுக்கவேண்டும் என்றால் எப்படிச் செய்கிறார்கள் என்று பேச ஆரம்பித்தோம். பேசப் பேச ஆச்சரியமாக இருந்தது. எந்த மதத்திலும் பெரியவர்கள் நாங்கள் செய்த மாதிரி மொட்டையாகக் கேட்கச் சொல்லவில்லை.

அந்தத் தொழுகிற சகோதரியே முதலில் சொன்னார். அவர்களிடம் இஸ்திகாரா என்று ஒன்று உண்டாம். இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, இதில் நன்மை இருந்தால் நடத்திக் கொடு, இல்லையென்றால் விலக்கிவிடு என்று வேண்டிக்கொள்வது. ஆனால் அதோடு மஷூரா என்று ஒன்றும் உண்டு. விவரம் தெரிந்தவர்களிடம் கலந்து பேசுவது. குர்ஆனின் 42-வது அத்தியாயத்துக்கே கலந்தாலோசனை என்றுதான் பெயராம். "விசாரிக்காம தொழுதா மட்டும் போதாதுன்னு எங்க அத்தா சொல்வாங்க" என்றார்.

பிறகு எங்களில் சிலர் காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூருக்குப் போயிருந்தோம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டியது. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பிலும் தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கக் கூடாதில்லையா! அவர் உரக்கப் படித்த பிறகு அங்கிருக்கிற நம்பிமார் எல்லாரும் அதையே படிக்க வேண்டும்.

இதுவும் கோயிலில் குழந்தை கையால் எடுப்பதுதான். நாங்கள் பூ எடுத்ததும் கோயிலில் குழந்தை கையால்தான். அப்படியென்றால் என்ன வித்தியாசம்? குடத்தில் ஓலை விழும்முன்பே அவர்கள் சலித்துவிடுகிறார்கள். வயது 35-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். முந்தின மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடவே கூடாது, அவருடைய நெருங்கின சொந்தக்காரர்களும் கூடாது. (இதைப் படித்துச் சொன்னதும் எங்கள் குழுவில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.) இப்படி அறிவால் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து முடித்து, மிச்சம் இருப்பவர்களில் யார் வந்தாலும் சரி என்ற பிறகுதான் சீட்டு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். அந்தச் சபையில் நிலம் உள்ள, வேதம் படித்த பிராமண ஆண்களுக்குத்தான் இடம். நம்மைப் போன்றவர்கள் பெயர் அந்தக் குடத்துக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்காது. அதனால் அதை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சல்லடையை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இப்போது இந்தப் பெரம்பூர்க் கதைக்கு வருகிறோம். நீங்கள் ரயிலில் வந்து இறங்கின ஊரில் நடந்தது இது.

பின்னி மில் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பக்கிங்காம் கர்நாடிக் மில். 1996-ல் மூடிவிட்டார்கள். எங்கள் குழுவில் இரண்டு பேருடைய தாத்தாக்கள் அந்தச் சங்கு சத்தத்துக்கு எழுந்து வேலைக்குப் போனவர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு சபை இருந்தது. சமயச் சொற்பொழிவு நடத்துகிற சபை. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகள் அதில் முன்னால் நின்றவர்கள். மில் வேலை முடிந்து தொழிலாளர்கள் அங்கே வந்து உட்கார்ந்து கேட்பார்கள். கேட்டு முடித்ததும் உடனே எழுந்து போக மனசு வராதில்லையா? அப்படியே தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். சாப்பிட அரை மணி நேரம்தான் விடுகிறார்கள், வீட்டுக்குப் போய் வர முடியவில்லை, தாமதமானால் கேட்டைச் சாத்திவிடுகிறார்கள் என்று.

அந்த இரண்டு பேரும் அதைக் காதில் வாங்கிக்கொண்டார்கள். அன்னி பெசன்ட் அம்மையார் நடத்திய நியூ இந்தியா பத்திரிகை ஆபீசுக்குப் போய் பி.பி. வாடியா என்பவரிடம் சொன்னார்கள். அவர் பெரம்பூருக்கு வந்து பேசினார். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். சாமி பேரைச் சொல்லிக் கூடிப் பழகினவர்கள், அதே மாதிரி உட்கார்ந்து கூலியையும் நேரத்தையும் பற்றிப் பேசினார்கள். சங்கத்தில் எல்லா மதத்துக்காரர்களும் சாதிக்காரர்களும் சேர்ந்தார்கள்.

இதோடு நிறுத்தினால் கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் 1921-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் மில்லில் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. திரு.வி.க. போன்ற பெரியவர்கள் முன்னால் நின்றார்கள். ஆனால் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேராமல் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் கலவரம், குடிசைகளுக்குத் தீ, போலீஸ் துப்பாக்கிச் சூடு. பல மாதம் இழுத்து, கடைசியில் தொழிலாளர்கள் தோற்றுப்போய் வேலைக்குத் திரும்பினார்கள். வரலாறு எழுதியவர்கள் இதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். நிர்வாகத்தின் கை, அரசியல், காலங்காலமான சாதிக் கொடுமை எல்லாம் உண்டு. எங்கள் கண்ணுக்குப் பட்டது ஒன்று. பல மாதம் கூலி இல்லாமல் இருக்க எல்லாராலும் ஒரே மாதிரி முடியாது. நஷ்டத்தைத் தாங்க முடியாதவர் மனசில் என்ன இருக்கிறது என்று முடிவெடுக்கும்முன் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். முடிவெடுத்த பிறகு "நீ ஏன் வரலை?" என்று கேட்டுப் புண்ணியம் இல்லை. எங்கள் மாவுக் கடைக் கதை சின்னது, அந்தக் கதை பெரியது. ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் அந்த 350 ரூபாய் கம்மல் எங்கள் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, பிறகு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள்.

2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்தது. துணிப் பை தைக்கலாமா என்று எங்களுக்குள் மறுபடி ஆசை. நாலு புது மெஷின் வாங்கலாம் என்று அதே மூன்று பேர்தான் முதலில் சொன்னார்கள். ஆசைப்படுகிறவர்கள் இல்லாமல் எந்தத் தொழிலும் ஆரம்பிக்காது, அவர்களைக் குறை சொல்லவில்லை.

இந்தத் தடவை முதல் கூட்டத்தில் முடிவே எடுப்பதில்லை என்று வைத்தோம். இரண்டு இரண்டு பேராகப் போய் விசாரிப்பது மட்டும். துணி விலை, நூல் விலை, பழைய மெஷின் என்ன விலைக்குக் கிடைக்கும், கடைக்காரர் ஒரு பைக்கு என்ன தருவார், பணம் எத்தனை நாளில் தருவார். அடுத்த கூட்டத்தில் கணக்கை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தோம். படித்து முடித்ததும் ஐந்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது. அவரவர் சாமியை நினைத்துக்கொள்ளலாம், சும்மாவும் இருக்கலாம்.

இந்த ஐந்து நிமிஷத்தை நாங்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவிடம் எடுத்தோம். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றியவர்கள். அவர்கள் சபை நிர்வாகக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. மௌனமாக உட்காருவார்கள். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் உடனே வெட்டிப் பேசாமல் கொஞ்சம் இடைவெளி விடுவார்கள். எல்லார் மனசும் ஒரு பக்கம் வருகிறது என்று தெரிந்ததும் எழுத்தர் அங்கேயே தீர்மானத்தை எழுதி வாசிப்பார். சரி என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது தீர்மானம். நாம் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிற கேட்பரி சாக்லேட் இருக்கிறதே, அதை ஆரம்பித்த குடும்பம் குவேக்கர் குடும்பம்தான். அவர்களுடைய போர்ன்வில் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் உள்ள மன்றங்களை 1918-ல் வைத்தார்கள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பெரம்பூரில் சங்கம் தொடங்கின அதே வருஷம்! முதலாளி முதலாளிதான், அது வேறு விஷயம். ஆனாலும் பெண்களுக்குத் தனியாக ஒரு மன்றம் என்றது எங்களுக்குப் பிடித்திருந்தது.

முதல் தடவை அந்த ஐந்து நிமிஷம் ஐம்பது நிமிஷம் மாதிரி இருந்தது. ஒருவருக்கு இருமல், ஒருவருக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகம், ஒருவர் போன் அடித்தது. சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அது முடிந்ததும் முதலில் பேசினவர் யார் தெரியுமா? அந்த மாவுக் கடை அக்கா. "நாலு புது மெஷின் வேணாம். ரெண்டு பழைய மெஷின் போதும். ஆர்டர் வந்தா அப்புறம் பார்ப்போம்" என்றார்.

பிறகு மூன்று முறை கேட்டோம். இது புத்த பிக்குகளின் சங்கத்தில் உள்ள வழக்கம். முக்கியமான விஷயம் என்றால் முதலில் அறிவித்துவிட்டு, சம்மதமா என்று மூன்று முறை கேட்பார்களாம். சம்மதிக்கிறவர் மௌனமாக இருக்கலாம், சம்மதிக்காதவர்தான் பேச வேண்டும். இதில் பாதியைத்தான் நாங்கள் எடுத்தோம். மூன்று முறை கேட்பது சரி. மௌனம் சம்மதம் என்பதை மட்டும் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. நம் பெண்கள் மௌனமாக இருப்பதற்கு ஆயிரம் காரணம். மாமியார் உறவு குழுவில் இருக்கும், கடன் பாக்கி இருக்கும், படிக்காதவர் என்ற கூச்சம் இருக்கும். அதனால் ஒவ்வொருவரும் வாயைத் திறந்து சரி அல்லது சரியில்லை என்று சொல்லியே ஆக வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவரிடமிருந்து ஆரம்பித்து ஊக்குநரிடம் முடியும். ஊக்குநர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்கிறார்கள், அதற்காகத்தான்.

மூன்றாவது முறை கேட்டபோதும் ஒரு சகோதரி ஒத்துக்கொள்ளவில்லை. "தொழில் ஆரம்பிங்க, எனக்குச் சந்தோஷம். ஆனா கடைக்காரங்களுக்குக் கடனுக்குப் பை குடுக்கக் கூடாது" என்றார். மற்றவர்கள் கடன் கொடுக்காமல் வியாபாரம் ஓடாது என்றார்கள். அவர் சொன்னதை அப்படியே தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எழுதினதை வாசித்து, அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டோம். முன்பெல்லாம் எங்கள் தீர்மானம் எப்படி இருக்கும் தெரியுமா? கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து ஊக்குநர் வீட்டில் எழுதுவது. கையெழுத்து தெருவில் நின்றுகொண்டு போடுவது. வங்கிக்கு நகல் வேண்டுமே என்பதற்காக எழுதுவது. உங்களில் யாரும் அப்படிச் செய்வதில்லை என்று நம்புகிறோம்!

கடைசியில்தான் சீட்டு. மெஷின் இரண்டு, தைக்கத் தெரிந்தவர்கள் ஆறு பேர். யாருக்கு எந்த நேரம்? காலை நேரம் எல்லாருக்கும் வேண்டும், மத்தியான வெயிலில் யாருக்கும் வேண்டாம். இதற்கு விசாரித்துத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை, ஆறு பேரும் சமம். இங்கே சீட்டு போட்டோம். ஆறு பெயரை எழுதிச் சுருட்டிச் சொம்பில் போட்டு, பக்கத்து வீட்டுப் பாப்பாவை எடுக்கச் சொன்னோம். வாங்கினவர் உத்திரமேரூர் மாதிரி ஐந்து விரலையும் விரித்துத்தான் வாங்கினார். மத்தியானம் வந்தவர் முகம் சுருங்கியது. ஆனால் யார் மேலும் கோபப்பட முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுச் சீட்டு, ஒருமுறை மத்தியானம் தைத்தவருக்கு அடுத்த தடவை மத்தியானம் கிடையாது என்றும் வைத்திருக்கிறோம்.

"அப்போ கோயிலுக்குப் போறதில்லையா?" என்று ஒரு சகோதரி கேட்கிறார். போகிறோம், அக்கா. மெஷின் வந்த அன்று அம்மனுக்குப் பொங்கல் வைத்தோம், மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினோம், அந்த இரண்டு சகோதரிகளும் துஆ கேட்டார்கள். பூ கூடக் கேட்போம், அவரவர் வீட்டு விஷயத்துக்கு. 15 பேர் கையெழுத்துப் போட்ட கடனுக்கு மட்டும் கேட்பதில்லை.

தொழில் எப்படிப் போகிறது என்றும் கேட்டீர்கள். பெரிய லாபம் இல்லை. தவணை தவறாமல் கட்டுகிறோம், தைக்கிறவர்கள் கூலி எடுக்கிறார்கள். மூன்று கடையில் 4,200 ரூபாய் பாக்கி நிற்கிறது. கடன் கொடுக்க வேண்டாம் என்ற சகோதரி ஒவ்வொரு கூட்டத்திலும் தீர்மானப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பி எங்களுக்கு வாசித்துக் காட்டுகிறார். வருகிற வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதைத்தான் முதல் பொருளாக வைத்திருக்கிறோம். கடைசியாகச் சேர்ந்தவரிடமிருந்து கேட்க ஆரம்பிக்க வேண்டும்.